மணிக்கட்டில் ஒரு சின்ன மாஸ்டர்

ஆறுச்சாமி மாஸ்டர் கேட்பது ஒரே ஒரு கேள்வி.

"வலிக்குதா?"

பதிலும் ஒன்றுதான்.

"இல்லீங் மாஸ்டர்."

பொள்ளாச்சியில் அவருடைய ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் புதிதாகச் சேரும் பிள்ளை, குட்டிக்கரணம் கற்பதற்கு முன்னால் இந்தப் பதிலைக் கற்றுவிடும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. பெரிய பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுத் தானாக வந்துவிடும். உள்ளங்கை உரிந்திருக்கும். இல்லீங் மாஸ்டர். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். இல்லீங் மாஸ்டர்.

கூடம் முன்பு பஞ்சு குடோனாக இருந்தது. குதித்து விழுவதற்கு ஒரு குழி தோண்டி, அதில் தேங்காய் நாரைக் கொட்டி வைத்திருந்தார். நாருக்குப் பஞ்சமில்லாத ஊர். சாயங்காலம் பிள்ளைகள் தலை நிறைய நாரோடு வீட்டுக்குப் போவார்கள். அம்மாக்கள் திட்டுவார்கள். மறுநாளும் அதே நார்தான்.

பத்து வயதில் அவரிடம் சேர்ந்தவள் கனகமணி. இப்போது முப்பத்தொன்று. பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது அவள்தான். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படிப்பது போல இருக்கும். யார் கால் எங்கே கோணுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

தலைகீழாக நின்று காட்டும்போது கனகமணி உள்ளங்கையை ஊன்ற மாட்டாள். இரண்டு முஷ்டிகளையும் ஊன்றித்தான் நிற்பாள். பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம். "கனகாக்கா ஸ்டைல்" என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் பார்க்காதபோது செய்து பார்த்து மூக்கில் விழுவார்கள்.

ஏன் முஷ்டி என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒரு நாள் சஷ்டிகாவின் மணிக்கட்டில் இருந்த பட்டையைக் கனகமணி பார்த்தாள். தண்ணீர் குடிக்கும்போதும் பட்டை. சும்மா இருக்கும்போதும் பட்டை.

"எதுக்குடி எந்நேரமும் இது?"

"அழகா இருக்குதுங்க்கா."

"கழட்டு."

சஷ்டிகாவுக்குப் பதினொரு வயது. பேக்கரி சென்னியப்பன் மகள். இன்னும் ஆறு வாரத்தில் கோயமுத்தூரில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குக் கூடத்திலிருந்து போகப்போகிறவள் அவள் ஒருத்திதான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒருத்தி போக இருந்தாள். கனகமணி. கடைசியில் போகவில்லை.

பட்டை கழன்றது. மணிக்கட்டின் மேல்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. கையை மடக்கினால் இன்னும் துருத்திக்கொண்டு நின்றது.

"வலிக்குதா?"

"இல்லீங்க்கா."

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தானுங்க்கா."

"இப்பன்னா?"

சஷ்டிகா கால் கட்டைவிரலைப் பார்த்தாள். "ஆடி நோம்பிக்கு முன்னாடி."

"அடிப்பாவி. ரெண்டு மாசம்!"

சென்னியப்பனையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் தடவிப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். நீர்க்கட்டி என்றார். கெட்ட கட்டி இல்லை. கையை ஊன்றி ஊன்றி வருவது. ஊன்றாமல் விட்டால் தானாகச் சிறுத்துப்போகலாம். ஊசி வைத்து நீரை எடுக்கலாம், திரும்ப வந்தாலும் வரும். அவசரம் ஒன்றுமில்லை என்றார்.

"ஆறு வாரத்துல செலக்‌ஷனுங்க" என்றாள் கனகமணி.

"அவசரம் உங்களுக்குத்தான். கட்டிக்கு இல்ல" என்றார் டாக்டர்.

திரும்பும்போது சென்னியப்பன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

"ஊசியெல்லாம் எதுக்குங் டீச்சர்? எங்கப்பாருக்கு இப்படித்தான் ஒண்ணு இருந்துச்சு. தடிப் புஸ்தகம் ஒண்ண எடுத்து ஒரே போடு. அமுங்கிப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டு மாசம் கையத் தூக்க முடியலீங். ஆனாக் கட்டி போயிருச்சு."

கனகமணிக்கு அந்த யோசனை பிடித்துத் தொலைத்தது. ரெண்டு மாசத்தை அவள் காதில் வாங்கவில்லை. ஒரே போடு என்பது மட்டும்தான் விழுந்தது. அலமாரியில் போட்டி விதிகள் அடங்கிய தடிப் புத்தகம் இருந்தது. எடுத்துக்கொண்டு மாஸ்டர் முன்னால் போய் நின்றாள். பின்னால் சென்னியப்பன். அவருக்குப் பின்னால் சஷ்டிகா, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.

"மாஸ்டர், இதைப் போக்கோணும். ஊசியா, புஸ்தகமா? நீங்க சொல்லுங்க."

மாஸ்டர் பேப்பரை மடித்தார். ஸ்டூல் மேல் சென்னியப்பன் கொண்டுவந்த தேங்காய் பன் ஒன்று இருந்தது. புத்தகத்தை வாங்கினார். தலைக்கு மேல் தூக்கினார். பன் மேல் ஒரே போடு.

புத்தகத்தை எடுத்தார். பன் அப்பளமாகக் கிடந்தது. உள்ளே இருந்த தேங்காய்ப் பூரணம் நாலு பக்கமும் பிதுங்கி ஸ்டூலில் வழிந்தது. கொஞ்சம் சென்னியப்பன் சட்டையிலும் தெறித்திருந்தது.

"எங்க போச்சு?" என்றார் மாஸ்டர்.

"எங்கயும் போகலீங்" என்றாள் கனகமணி. "பக்கத்துல பிதுங்கிருச்சு."

"ம்."

"நல்ல பன்னுங் அது" என்றார் சென்னியப்பன்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார். சஷ்டிகாவின் கையைப் பிடித்துக் கட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"ஆடாதே."

"கூசுதுங் மாஸ்டர்."

"பத்து நாளைக்குக் கை தரையில படக்கூடாது. வட்டம் அழிஞ்சுதுன்னா அது மேலயே திரும்பப் போட்டுக்கோ. போ."

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் கனகமணி.

"அவ்வளவுதான்."

"ஊசி?"

"தண்ணிய எடுத்துட்டா அப்புறம் நமக்கு யாரு சொல்லுவா?"

கனகமணிக்கு விளங்கவில்லை. கேட்கவுமில்லை. அவர் பேப்பரைப் பிரித்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கை ஊன்றாமல் ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது மாவு இல்லாமல் பன் சுடுவது மாதிரி என்றார் சென்னியப்பன். அவரை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் சஷ்டிகா குதித்தாள். வயிற்றுக்குப் பயிற்சி செய்தாள். இரண்டாம் நாளும் அதையே செய்தாள். மூன்றாம் நாள் பீம் மேல் நடந்தாள். பீம் என்பது நெஞ்சு உயரத்தில் ஒரு நீளக் கட்டை, ஒரு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடந்துகொண்டே இருந்தாள். கீழே மற்றதுகள் தலைகீழாக நின்று அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டின.

நாலாம் நாள் நார்க்குழிப் பக்கம் ஒரே கூச்சல்.

"க்கா! சஷ்டி ஏமாத்தறா! சக்கரம் அடிக்கறா!"

கனகமணி ஓடினாள். சஷ்டிகா கழுத்து வரை நாரில் புதைந்து கிடந்தாள்.

"கைய ஊனினயா?"

"இல்லீங்க்கா. கை படவே இல்ல."

"கை படாம எப்படிடி சக்கரம்?"

"அப்படித்தானுங்க்கா."

"பொய் சொன்னே, முதுகுத் தோல உரிச்சிருவேன்."

"வேணும்னாப் பாருங்க."

எழுந்தாள். நாரைத் துப்பினாள். பத்தடி பின்னால் போனாள். இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு காலை உதறினாள். உடம்பு காற்றில் பக்கவாட்டாக ஒரு சுற்றுச் சுற்றிக் குழியில் குப்புற விழுந்தது. கை எங்கேயும் படவில்லை.



அது பெரிய பிள்ளைகள் ஒரு வருஷம் முட்டிமோதிக் கற்கிற வித்தை. இவள் கையை ஊன்றக்கூடாது என்று சொன்னதால் கற்றிருக்கிறாள். கனகமணி மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இடுப்ப இன்னும் தூக்கு அம்மணி" என்றார். கண் பேப்பரில்தான் இருந்தது. பேப்பர் தலைகீழாக இருந்தது.

தினமும் சாயங்காலம் மாஸ்டர் கையை நீட்டச் சொல்வார். வட்டத்தைப் பார்ப்பார். கட்டியைப் பார்ப்பார். "ம்" என்பார். இரண்டு நாளில் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மாஸ்டரே ஒருவரிடம் யோசனை கேட்கிறார் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும். கட்டிக்கு 'சின்ன மாஸ்டர்' என்று பேர் விழுந்தது.

"சின்ன மாஸ்டர் இன்னிக்கு என்ன சொல்றாருங்?"

"சும்மா இருங்கறாரு."

"சின்ன மாஸ்டருக்குப் பொறந்தநாள் எப்பங்க்கா?"

"போடி அந்தப் பக்கம்" என்றாள் கனகமணி. "எனக்கே அந்தப் பேரு இன்னும் கிடைக்கல."

பதினோராம் நாள் கட்டி துவரம்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. பெரிய தட்டில் வைத்த ஒற்றைப் பருப்பு மாதிரி நீல வட்டத்தின் நடுவே கிடந்தது.

"சின்ன மாஸ்டர் படுத்துட்டாரு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

கனகமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விட்ட பத்து நாளைப் பிடிக்க வேண்டும். ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுகிற வால்ட். தரைப் பயிற்சி. கையை ஊன்றிப் பின்னால் தாண்டுவது, தினம் நாற்பது முறை. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தடவை கேட்டாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க்கா."

அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. கனகமணி நிம்மதியாக அடுத்த பத்துக்குப் போனாள்.

இப்படித் தொடங்கிய ஐந்தாம் நாள் மாஸ்டர் சஷ்டிகாவைக் கூப்பிட்டார். கையை நீட்டச் சொன்னார். கட்டி வட்டத்தை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் குனிந்து அதைப் பார்த்தார். சம்பந்தியிடம் பேசுவது போலத் தலையாட்டினார்.

"சரிங்க" என்றார் கட்டியிடம். பிறகு நிமிர்ந்து கனகமணியிடம் சொன்னார்: "நாப்பது ஜாஸ்திங்கறாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். கனகமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"விளையாடாதீங்க மாஸ்டர். இருபத்தாறு நாள்தான் இருக்குது. கட்டியக் கேட்டுக் கேட்டுப் பயிற்சி குடுக்க முடியுமா? பிள்ளையக் கேட்டாப் போதாதா?"

"கேளு."

"வலிக்குதா சஷ்டி?"

"இல்லீங்க்கா."

மாஸ்டர் கட்டைவிரலைக் கட்டி மேல் வைத்தார். லேசாக அழுத்தினார். சஷ்டிகாவின் இரண்டு கண்களிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இப்ப?"

"இல்லீங் மாஸ்டர்."

"போய்த் தண்ணி குடி. எல்லாரும் போங்க."

ஓடினார்கள். மாஸ்டர் பேப்பரை எடுக்கவில்லை.

"முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கறேன்" என்றார். "எல்லாரும் இல்லீங்கன்னாங்க. உண்மையச் சொன்னது அந்தச் சுண்டைக்கா ஒண்ணுதான்."



"நானுங்களா?" என்றாள் கனகமணி.

"நீதான் எல்லாரையும் விடச் சத்தமாச் சொல்லுவே. செலக்‌ஷனுக்கு மொத நாள் சாயங்காலம் வரைக்கும் சொன்னே."

அந்த மொத நாள் சாயங்காலம்தான் அவள் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு கூடியபின் அந்தக் கை பின்னால் மடங்கவில்லை. அன்றிலிருந்துதான் முஷ்டி.

கனகமணி வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பதில இவங்களுக்கு யாரு மாஸ்டர் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"நீங்க சொல்லிக் குடுத்து நான் பாத்ததில்லியே."

"நீ வர்றதுக்கு முன்னாடி. கூடம் ஆரம்பிச்ச வருஷம். ஒரு பையன். உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம். வலிக்குதாடான்னேன். இல்லீங் மாஸ்டர்னான். சட்டைப் பையில ஒரு கடலை மிட்டாய் இருந்துச்சு. குடுத்தேன்."

"அப்புறம்?"

"அடுத்த நாள்ல இருந்து யாருக்கும் வலிக்கல."

"ஒரே ஒரு மிட்டாயா?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

மறுநாள் மாஸ்டர் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலோடு வந்தார். வாய் வரைக்கும் கடலை மிட்டாய். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்லீங் மாஸ்டர்!" என்றது கூடம்.

ஒரு மிட்டாயை எடுத்தார். தன் வாயில் போட்டுக்கொண்டார். கடித்தார். அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"வலிக்குதா?"

"இல்லீங்..." என்று பாதிப் பேர்தான் சொன்னார்கள்.

இன்னொரு மிட்டாய் உள்ளே போனது.

முன்வரிசையில் இருந்த ஆறு வயதுக் குட்டி ஒருத்தி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் விழுங்கினாள்.

"எனக்கு வலிக்குதுங் மாஸ்டர்."

"எங்க?"

"முட்டி."

"இந்தா."

அவ்வளவுதான். கூடம் உடைந்தது.

"எனக்குக் குதிகாலுங் மாஸ்டர்!"

"எனக்குத் தோளு! ரெண்டு தோளும்!"

"எனக்கு மூக்கு வலிக்குதுங்."

"மூக்கு எப்படி?"

"கனகாக்கா ஸ்டைல் பண்ணினனுங்."

"எனக்குத் தலைமுடி வலிக்குதுங் மாஸ்டர்."

"எனக்கு எங்க வலிக்குதுன்னு தெரியலீங். ஆனா வலிக்குது."

மாஸ்டர் எல்லாருக்கும் கொடுத்தார். தலைமுடிக்கு ஒன்று. எங்கே என்று தெரியாததற்கு ஒன்று. கனகமணி வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"மாஸ்டர், அத்தனையும் பொய்யுங்."

"முந்தியும் பொய்தான்" என்றார். "இது கொஞ்சம் நல்லா இருக்குது."

இரண்டு நாளில் பாட்டில் காலி. மூன்றாம் நாள் காலிப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தீந்து போச்சு. இனிமே வாங்க மாட்டேன். இப்பச் சொல்லுங்க. வலிக்குதா?"

வரிசை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது. தலைமுடிக்கு வலி நின்றுவிட்டது. மூக்கும் பரவாயில்லை என்றது. ஒவ்வொருத்தராக "இல்லீங்" சொல்லி முடித்தார்கள். இந்த முறை அது மெதுவாக வந்தது. சொல்வதற்கு முன்னால் உடம்பை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் இரண்டு பேர் பதில் சொல்லாமல் நின்றார்கள்.

ஒருத்தி பிரவீணா. கூடத்திலேயே உயரமானவள். ஒருநாளும் வாய் திறக்காதவள்.

"முதுகுங் மாஸ்டர்" என்றாள். "வைகாசியில இருந்து."

கனகமணி அவளை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனாள். நல்ல வேளை, இப்போதே வந்தீர்கள் என்றார் அவர்.

இன்னொருத்தி சஷ்டிகா. மிட்டாய் இல்லை. இருந்தும் வார்த்தை வந்தது.

"பின்னால தாண்டறப்ப வலிக்குதுங். வால்ட்டுல ரொம்ப வலிக்குதுங். தலைகீழா நின்னா, மொதல்ல இல்ல, அப்புறம் வலிக்குது." மூச்சு வாங்கினாள். "கை இல்லாத சக்கரத்துல வலிக்கலீங். அதுல கையே இல்லியே."

சொல்லி முடித்ததும் அழுவாள் என்று கனகமணி நினைத்தாள். சஷ்டிகா சிரித்தாள். மாசக்கணக்காக முதுகில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மாதிரி தோளைக் குலுக்கினாள்.

"நிஜமாவே மிட்டாய் இல்லீங்களா மாஸ்டர்?"

"இல்ல."

"பரவால்லீங்."

அன்றே திட்டம் மாறியது. வால்ட் கிடையாது. தரைப் பயிற்சி கிடையாது. பீம் மட்டும். கை ஊன்றாமல் செய்ய முடிந்ததெல்லாம் அதில் சேர்ந்தது. குழியில் விழுந்து கற்ற சக்கரத்தைப் பீம் மேலே ஏற்றினார்கள். முதலில் தரையில் கோடு போட்டு. பிறகு முழங்கால் உயரக் கட்டையில். பிறகு மேலே. அவள் எத்தனை தடவை விழுந்தாள் என்று நாரைத்தான் கேட்க வேண்டும்.

"நாலு பிரிவுல ஒண்ணுல மட்டும் நின்னா எடுப்பாங்களா மாஸ்டர்?" என்றாள் கனகமணி.

"பீமுக்குத் தனியா ஆள் எடுக்கறாங்கல்ல?"

"எடுக்கறாங்க. ஆனா எடுக்காட்டி?"

"பன் திம்போம்."

இடையில் ஒருநாள் சஷ்டிகா பயிற்சியைப் பாதியில் நிறுத்திக் கையைத் தூக்கினாள்.

"வலிக்குதுங் மாஸ்டர். கீழ விழறப்பக் கை பட்டுருச்சு."

மாஸ்டர் கட்டியைப் பார்த்தார். கொஞ்சம் எழும்பியிருந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றீங்க" என்றார். "இன்னிக்குப் போதும். வீட்டுக்குப் போ."

அடுத்த வாரம் கோயமுத்தூர். பெரிய அரங்கம். பளபளவென்று மெத்தைகள். பல ஊர்ப் பிள்ளைகள், ஒரே மாதிரி சட்டை, ஒரே மாதிரி கொண்டை. சென்னியப்பன் இரண்டு டிரே தேங்காய் பன் கொண்டுவந்து எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவர் ஒருவருக்கும் நீட்டினார். கனகமணி ஓடிப்போய் இழுத்து வந்தாள்.

பேர் பதிகிற மேசையில் ஓர் அம்மா கேட்டார்: "பீம் மட்டுமா? ஏன் வால்ட் செய்யல?"

"வலிக்குதுங்" என்றாள் சஷ்டிகா.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வார்த்தையை இப்படிச் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதில் ஒருத்தி தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பீம் முறை வந்தது. சஷ்டிகா வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடியைக் கையில் தேய்த்தாள். மாஸ்டர் தடுப்புக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்றார். அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"வலிக்குதா அம்மணி?"

சஷ்டிகா உடனே பதில் சொல்லவில்லை. மணிக்கட்டை முன்னால் மடக்கினாள். பின்னால் மடக்கினாள். யோசித்தாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்லீங் மாஸ்டர்!"

மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார்.

கனகமணி அவர் காதருகே குனிந்தாள். "பழையபடி இல்லீங்கன்னு சொல்றா. நம்பிட்டீங்களா?"

"நம்பிட்டேன்."

"கட்டியப் பாக்கவே இல்லியே."

"போன வாரம் வலிக்குதுன்னு சொன்னாள்ல?"

அதற்குள் சஷ்டிகா பீமில் ஏறிவிட்டாள்.

துள்ளினாள். திரும்பினாள். ஒற்றைக்காலில் நின்று, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம், நின்றுவிட்டாள். சக்கரம் வந்தது. இரண்டு கைகளையும் மார்போடு அணைத்தாள். காலை உதறினாள். உடம்பு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. கால் கட்டையைத் தேடிக் கண்டுபிடித்தது. அவள் கொண்டையிலிருந்து தேங்காய் நார் ஒன்று பிரிந்து, மெதுவாக இறங்கி, அந்தப் பளபளக்கிற மெத்தையில் விழுந்தது.

"நம்ம நாரு!" என்று கத்தினார் சென்னியப்பன்.

பீமுக்கு நாலு பேரை எடுத்தார்கள். நாலாவது பேர் சஷ்டிகா. பேர் வாசித்ததும் அவள் கையைத் தூக்கிக் கட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். பிறகுதான் அப்பாவிடம் ஓடினாள். மீதி டிரே ஒரு நிமிஷத்தில் காலி. இந்த முறை அந்த நடுவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். முன்னால் சென்னியப்பன் தோளில் சஷ்டிகா உட்கார்ந்திருந்தாள். எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டு போனாள். பின்னால் மாஸ்டர். அவருக்குப் பக்கத்தில் கனகமணி, பயிற்சிச் சாமான்கள் அடைத்த பெரிய பையோடு. இருபது வருஷமாக அந்தப் பையை அவள்தான் தூக்குகிறாள். பையின் வாரை விரலால் பிடித்துப் பாரம் தாங்க அவளால் முடியாது. முன்கையில் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள்.

மாஸ்டர் நின்றார்.

"கனகு."

"சொல்லுங்க மாஸ்டர்."

"வலிக்குதா?"

பதில் தயாராக இருந்தது. இருபத்தொரு வருஷமாகத் தயாராக இருக்கிற பதில். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது.

அவள் மணிக்கட்டை முன்னால் மடக்கினாள். பின்னால் மடக்கப் பார்த்தாள்.

"வலிக்குதுங் மாஸ்டர்" என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பதினேழு வருஷமா வலிக்குதுங். மழை வந்தா உயிரு போகுதுங்."

"பையக் குடு."

"ஐயோ, உங்களால தூக்க முடியாதுங் மாஸ்டர். பாரம்."

வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். சாய்ந்தபடியே நடந்தார்.

"மாஸ்டர்! சொன்னாக் கேளுங்க!"

"வலிச்சாச் சொல்றேன்" என்றார்.